ஏழாம் நம்பர் மலையில் நான் பிடித்த கயிறு

சென்ற மாதம் என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வெளிக்கள உத்தியோகத்தர், ஒரு பெண்பிள்ளை, அனுப்பியிருந்தார். தேயிலை கைவிடப்பட்ட ஒரு சரிவை, மரக்கறி போடுவதற்காகத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்களாம். வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் சிவப்புக் கோடுகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கோடும் உச்சியிலிருந்து ஓடை வரைக்கும் நேராக இறங்கியது. "சேர், இது சரியா?" என்று கீழே கேட்டிருந்தார்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையைக் கேலி செய்து நான் சிரிக்கவில்லை. எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு கயிற்றையும் ஒரு கட்டு முளைக்குச்சியையும் வைத்துக்கொண்டு, அதே கோடுகளை நானே ஒரு மலையில் போட்டிருக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்தேன். தொலைபேசியில் அடங்கவில்லை, இங்கே எழுதுகிறேன்.

வெளிக்கள உத்தியோகத்தர் என்ற என் உத்தியோகத்தை இன்றும் தோட்டத்தில் கண்டாக்கு என்றுதான் சொல்வார்கள். நல்லதண்ணிப் பக்கம் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்து, பனியிலும் அட்டைக்கடியிலும் ஐந்தாறு வருடம் ஓடித் தேறி, உடப்புசல்லாவைக்குக் கண்டாக்காக வந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். வேலை பழகிய கதை அவ்வளவுதான். எல்லோரும் பட்ட பாடு, தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தலைக்கனம் உண்டு. அது நிரை. கொழுந்து எடுக்கும் மலையில் செடிகள் கீழிருந்து மேலாக வரிசையாக நிற்கும். காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவோம். மலையில் ஆளுக்கொரு நிரை. அடிவாரத்தில் கொழுந்து செழிப்பாக இருக்கும், உச்சியில் மெலிந்திருக்கும். நிரை மேலிருந்து கீழ்வரை போவதால் எல்லோருக்கும் நல்லதும் கெட்டதும் சமமாகக் கிடைக்கும். சண்டை வராது. இத்தனை வருடமும் சண்டையில்லாமல் நிரை பிரித்தவன் என்று எனக்கொரு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் என்னைக் கவிழ்த்தது.

உரம் வராமல் போன அந்த வருடத்தை மலையகத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கடையில் கோதுமை மா இல்லை. இருந்த நாளிலும் வாங்க முடியவில்லை. இரண்டு ரொட்டி சாப்பிட்டு மலையேறியவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தலைசுற்றி உட்கார்ந்தவர்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் இருந்தேன்.

பெரிய துரை, தோட்டத்து மேலதிகாரி, ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்குப் போனார். தேயிலை செத்து, மானாப்புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. கம்பெனி அங்கே டர்பன்டைன் மரம் நடச் சொல்லியிருந்தது.

"மரத்த திங்க ஏலாது, கண்டாக்கு" என்றார். "பணிய லயத்துல முப்பத்திரண்டு குடும்பம் இருக்குதானே. பிரிச்சு குடுங்க. மரக்கறி போடட்டும். கம்பெனிக்கு நான் பதில் சொல்றேன்."

துரை தெற்குப் பக்கத்துச் சிங்களவர். தமிழைத் தோட்டத்திலேயே பழகியவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்பார். பிறகு கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பதில் வரும்வரை நிற்பார். திட்டு வாங்கினால் மனிதன் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம். அவர் முன்னால் நிற்கும்போது அதற்கும் வழியிருக்காது.

புல்லை வெட்டினோம். நான் கயிற்றை எடுத்தேன். உச்சியிலிருந்து ஓடை வரைக்கும் பதினைந்து அடி அகலத்தில் முப்பத்திரண்டு துண்டு, நிரை மாதிரியே. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் ஒருவர் நடக்க வழி. சீட்டுக் குலுக்கி எடுத்தோம். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கம்பெனி மண்ணில் கொத்தியவர்கள், அன்று தங்கள் பங்கின் இரண்டு எல்லையிலும் கைவைத்துப் பார்த்தார்கள். கோவா, போஞ்சி, கரட், லீக்ஸ் என்று மலை பச்சையானது. பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு வீட்டுக்கு ஒரு கைப்பிடி மரக்கறி போனது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன்.

சித்திரை மழை வந்தது. மூன்றாம் நாள் பிள்ளைக்காம்பராக் குழாயில் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வந்தது. ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே ஓடும் ஓடைதான் கீழ்ப்பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்பான பணிய லயத்துக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் குடிதண்ணீர்.

துரை என்னைக் காரியாலயத்துக்குக் கூப்பிட்டார். ஜன்னல் விளிம்பில் ஒரு ஜாம் போத்தல் இருந்தது. அதில் ஓடைத் தண்ணீர்.

"இது என்னா, கண்டாக்கு?"

"தண்ணி, சேர்."

"நல்லா பாருங்க."

போத்தலின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மண் தெளிந்திருந்தது. "மண், சேர்" என்றேன். அவர் நின்றார். நானும் நின்றேன். அன்றிலிருந்து எனக்கொரு வேலை சேர்ந்தது. மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஓடையில் அதே கல்லின் மேல் நின்று ஒரு போத்தல் நிரப்ப வேண்டும். திகதி எழுதி ஜன்னலில் வைக்க வேண்டும். ஒரு நாள் அசையாமல் தெளிய விட்டு, அடிமட்டம் வைத்து மண்ணை அளந்து, அளவைப் போத்தலிலேயே எழுத வேண்டும். போத்தல்கள் வரிசையாகச் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் நான் கொடுத்த காணி கொஞ்சம் கிடந்தது.

"ஐப்பசி மழைக்கு முந்தி சரி பண்ணுங்க" என்றார் துரை. "இல்லாட்டி எனக்கு மரம் நடத்தான் வேணும். பிள்ளைங்க குடிக்கிற தண்ணி."

சரி பண்ணுவது எப்படி என்று தெரியாமல் நாலு மாதம் கல் அடுக்கினேன், புல் நட்டேன். மண் அதையும் தள்ளிக்கொண்டு போனது. கடைசியில் துண்டுகளைக் கலைத்துவிட்டு, மலைக்குக் குறுக்காகப் புதிதாகப் பிரிப்பது என்று முடிவு செய்து, ஆவணிக் கடைசியில் மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டினேன். குறுக்காகப் பிரித்தால் உச்சி யாருக்கு, அடிவாரம் யாருக்கு? அந்தக் கேள்வியிலேயே கூட்டம் இரண்டாகிவிட்டது. அடிவாரத்தில் இரண்டு போகம் சாணி போட்டு மண்ணைப் பண்படுத்தியவர்கள் அதை எப்படிக் கொடுப்பார்கள்? சண்டையே வராத நிரைக்காரன் முன்னால் கைகலப்புத் தவிர மற்றதெல்லாம் நடந்தது.

அப்போதுதான் பார்வதி எழுந்தார். நாற்பது வயதுக்காரி, கெட்டிக்காரக் கொழுந்துக்காரி. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வீட்டில் மூன்று பிள்ளைகள். வயிற்றில் ஒப்பரேஷன் செய்து ஆனி, ஆடி இரண்டு மாதமும் வேலைக்கு வராமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தவர்.

"கண்டாக்கையா, ரெண்டு மாசமா எனக்கு வேற வேல இல்ல. வாசல்ல உட்காந்து எதுத்தாப்புல அந்த மலையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "தண்ணி நம்ம பாத்தியில ஓடல. நாம நடக்குறோமே, அந்த வழியில ஓடுது. மேலருந்து கீழ வரைக்கும் முப்பது வழி வச்சிருக்கோம். தண்ணிக்கு நாமளே ரோட்டுப் போட்டுக் குடுத்திருக்கோம். யாரும் எடம் மாற வேணாம். அவங்கவங்க நிரை அவங்கவங்களுக்கே இருக்கட்டும். வழிய மட்டும் மூடிருவோம். எல்லாரு நிரையையும் சேத்து இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும் குறுக்க கான் வெட்டுவோம். கான் கரையில நடந்துக்குவோம்."

இவ்வளவு எளிதா என்று எனக்கு வெட்கமாகப் போனது. தோட்டத்தில் கான், அதாவது மழைத்தண்ணீர் வடியும் வாய்க்கால், வெட்டும் வேலையில் முடி நரைத்த முத்தையா தொண்டையைச் செருமினார்.

"ஐயா, அந்த மலையில ஏற்கெனவே கான் இருக்கு. தேயில காலத்துல நான்தான் வெட்டினேன். நீங்கதான் நின்னு பாத்தீங்க. புல்லு மூடிருச்சு, நாம மறந்துட்டோம். ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. நம்ம கண்டாக்கையா மலையையே சறுக்க விட்டுட்டாரு."

கோயில் முற்றம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். "எப்ப வெட்டலாம்?" என்று முத்தையா கேட்டார். "புரட்டாசிக்குள்ள" என்றேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில் பார்வதி மட்டும் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போது காரணம் விளங்கவில்லை.

அடுத்த வாரம் நானும் முத்தையாவும் மட்டம் பார்க்கப் போனோம். மூன்று கம்பு, ஒரு கயிறு, ஒரு கல் போதும். இரண்டு கம்பைத் தலையில் சேர்த்துக் கட்டிக் காலை அகட்டி, நடுவில் குறுக்குக் கம்பு கட்ட வேண்டும். உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டு, சமதரையில் கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு வெட்டு. பிறகு மலையில் ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை மேலும் கீழும் நகர்த்தி, கயிறு அந்த வெட்டில் வந்து நிற்கும் இடத்தில் முளை அடிக்க வேண்டும். பின்காலைச் சுழற்றி முன்னால் வைத்தால் அடுத்த முளை. கானில் தண்ணீர் தேங்காமல் நகர வேண்டும், அதனால் ஒவ்வொரு வைப்பிலும் கான் போய் முடியும் பள்ளத்தாக்குப் பக்கத்துக் கால் ஒரு நூல் அளவு இறங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் தண்ணீர் ஓட்டமெடுத்துக் கானையே அரிக்கும். காற்றில் கயிறு ஆடும். ஆட்டம் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்த நிதானத்தை முதல் நாளே பிடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

பதினேழாவது துண்டுக்கு வந்தபோது முத்தையா முளையை அடிக்காமல் என்னைப் பார்த்தார். மற்ற முப்பத்தொரு துண்டும் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்தன. இதில் மட்டும் உருளைக்கிழங்குச் செடி முழங்கால் உயரத்துக்கு நின்றது. பார்வதியின் துண்டு. நோயிலிருந்து எழுந்து ஆவணி முதலில்தான் போட்டார். "இப்ப போடலாமா ஐயா, காலம் தப்பிருச்சே?" என்று கேட்டதற்கு, "போடும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னவன் நான். பத்துப் பாத்தி கிழங்கில் நாலு பாத்தி கானில் போகும். விட்டுவிட்டு மற்றதை வெட்டவும் முடியாது. ஓர் இடத்தில் அறுந்த கான், அதுவரை சேர்த்த தண்ணீரையெல்லாம் அந்த இடத்திலேயே கொட்டும். கான் இல்லாததைவிட அது மோசம்.

பார்வதி வீட்டுக்குப் போனேன். "துரை உத்தரவு போட்டிருக்காரும்மா" என்று ஆரம்பித்தேன்.

"கான் வெட்டச் சொன்னதே நான்தான், ஐயா. வேணாங்கல. கார்த்திகையில கெழங்க எடுத்துர்றேன், அப்புறம் வெட்டுங்க."

"மழை அதுவரைக்கும் நிக்காதே."

"அது எனக்கும் தெரியும்" என்றார். "மார்கழி வரைக்கும் என் பிள்ளைங்களுக்கு அந்தக் கெழங்குதான் சாப்பாடு. கயிறு பிடிச்சது நீங்க. கெழங்கு போடச் சொன்னதும் நீங்க. போறது மட்டும் என்னோடதா?"

அந்தக் கேள்வியை இன்றும் என்னால் எதிர்த்து வாதாட முடியாது.

மறுநாள் துரை கேட்டார்: "நான் உத்தரவு போட்டேன்னு சொன்னீங்களாம். போட்டேனா?"

"இல்ல, சேர்."

"என் பேர் வேணாம். காணி பிரிச்சது நீங்க. நீங்களே பேசுங்க." அவ்வளவுதான். இந்தத் தடவை அவர் காத்திருக்கவும் இல்லை, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரட்டுக் களத்தில் கண்டாக்கு ஒரு படி உயரத்தில் நிற்பார். அந்தப் படியிலிருந்து தவறு கண்டுபிடிப்பதுதான் வழக்கம். தவறை ஒப்புக்கொள்வது வழக்கமில்லை. நான் பெயர் கூப்பிட்டு முடித்த பிறகு படியை விட்டு இறங்கினேன். "ஏழாம் நம்பர் மலையில நெரைய மேலருந்து கீழ போட்டது என் தப்பு. அதுல மண்ணு போச்சு. காலந்தப்பிக் கெழங்கு போடச் சொன்னதும் என் தப்பு. அதுல பார்வதியோட நாலு பாத்தி போகப் போகுது. அவ தலையில அத வைக்க எனக்கு மனசு வரல. என்ன செய்யிறதுன்னு தெரியாமதான் உங்ககிட்ட சொல்றேன்" என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது.

"கண்டாக்கையாவுக்குக் காய்ச்சல் கீய்ச்சலா?" என்று பின்னால் ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

கொழுந்து மலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி பின்தங்கிவிட்டால் இரண்டு பக்கத்து நிரைக்காரிகளும் கையை நீட்டி அவள் நிரையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். யாரும் சொல்லத் தேவையில்லை. பார்வதியின் இடப்பக்கத்துத் துண்டுக்காரி முன்னால் வந்தார். "என் நெரையில ரெண்டு பாத்தி சும்மாதான கெடக்கு. இந்தப் போகம் அவ போட்டுக்கட்டும்" என்றார். வலப்பக்கத்துக்காரி, "என்னதுலயும் ரெண்டு" என்றார். "விதைக்கெழங்கு நாங்க பாத்துக்குறோம்" என்று யாரோ சொன்னார்கள். சீட்டில் விழுந்த காணியில் இன்னொருத்தியைக் கால் வைக்க விடுவது, கைவைத்து எல்லை பார்த்த அந்த மனிதர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

பார்வதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாலு பாத்தியையும் நானே புடுங்குறேன். வேற கை படக் கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு வீடும் மம்பட்டியோடு வந்தது. பார்வதி செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கிழங்குகள் நெல்லிக்காய் அளவுக்குத்தான் இருந்தன. அவர் பிடுங்கிய இடத்தில் முத்தையா கானை வெட்டி இரண்டு பக்கமும் சேர்த்தார். மத்தியானம் பார்வதி அந்தப் பிஞ்சுக் கிழங்கையெல்லாம் ஒரு பெரிய தகரத்தில் அவித்து, மிளகாய் இடித்த கட்டச்சம்பலோடு வீட்டுக்கு வீடு எண்ணிப் போட்டார். எனக்கும் ஒரு இலையில் போட்டார். தோல்கூட உரிக்காமல் சாப்பிட்டேன். அத்தனை ருசியும் அத்தனை குற்றவுணர்ச்சியும் ஒரே வாயில் எனக்கு வேறெப்போதும் வாய்த்ததில்லை.

பத்து நாளில் மழை இறங்கியது. மழைக்குப் போர்த்தும் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஆளாளுக்குத் தங்கள் துண்டுக்கான் ஓரம் நின்றார்கள். தண்ணீர் முதல் துண்டிலிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு என்று நடந்து வந்தது. "வருது, வருது" என்று ஒருவர் அடுத்தவருக்குச் சொன்னார். பதினேழாவதில் பார்வதி கையில் மம்பட்டியோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தயங்காமல் அவரைக் கடந்தது. "போயிருச்சு" என்றார் பக்கத்துக்காரியிடம். அன்று போத்தலில் மண் கடதாசிக் கனத்துக்கு மேல் இல்லை. துரை அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அடுத்த வருடத்துக்கும் காணிக்கு அனுமதிக் கடிதம் வந்தது. இன்றும் வருடா வருடம் கடிதம்தான், காணி உறுதிப் பத்திரம் கிடையாது. அது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆனால் அந்தக் கான் செய்த இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். ஒரு வீடு துப்புரவாக்காவிட்டால் எல்லா வீட்டுக்கும் அடைக்கும். ஆட்டுச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்ற இரண்டு குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்துத் துண்டில் இருந்தன. இப்போதும் பேசுவதில்லை. "யாரோ கானை அடைச்சு வச்சிருக்காங்களாம்" என்று ஒருத்தர் ஆகாயத்தைப் பார்த்துச் சொல்வார். மற்றவர் ஆகாயத்துக்கே பதில் சொல்லிவிட்டு மம்பட்டியோடு வருவார்.

ஓய்வு பெற்ற பிறகு ஹட்டனில் வெளிக்கள உத்தியோகத்தர்கள் கூட்டமொன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பதினைந்து நிமிடம். ஏழாம் நம்பர் மலையைப் பற்றிச் சொன்னேன். என் தவறையும் சொன்னேன், சபை ரசித்தது. அந்த உற்சாகத்தில், "அப்போதுதான் கானைக் குறுக்கே வெட்டலாம் என்று எனக்குத் தோன்றியது" என்று ஒரு வசனம் வாயில் வந்துவிட்டது. நல்ல கைதட்டல். யாரோ அதைத் தொலைபேசியில் பிடித்து அனுப்ப, அது தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த வருடத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கோயில் வாசலில் பார்வதி என்னைப் பார்த்துவிட்டு வந்தார். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார், என் முழங்கால் வலியை விசாரித்தார். பிறகு, "உங்க பேச்சக் கேட்டோம், ஐயா" என்றார்.

"அவசரத்துல அப்படி வந்துருச்சும்மா" என்றேன்.

"பரவாயில்லங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "தப்பையும் உங்க பேர்லயே எடுத்துக்கிட்டீங்க. நல்லதையும் உங்க பேர்லயே எழுதிக்கிட்டீங்க. எங்களுக்குன்னு ஒண்ணாவது விடுங்கய்யா."

ஆகவே எழுதி வைக்கிறேன். ஏழாம் நம்பர் மலையில் கயிறு பிடித்தவன் நான். கானைக் கண்டவர் பார்வதி.